லுசேர்ன் ஏரிக்கரைக்குப் போகும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

சுவிட்சர்லாந்துக்கு டிக்கெட் எடுத்த உறவினர்களும் நண்பர்களும் லுசேர்ன் பற்றி என்னிடம் கேட்பது வழக்கம். முதல் முறை நான் அங்கே போனது ஒரு குழுச் சுற்றுலாவில். பேருந்தை விட்டு இறங்கி மறுபடி ஏறுவதற்குள் மூன்றரை மணி நேரம்தான் கிடைத்தது. அதில் பாதி கைக்கடிகாரக் கடையில் போய்விட்டது. மனசு ஆறாமல் பிறகு அப்பா அம்மாவோடு போய் ஐந்து நாள் தங்கினேன். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்த ஐந்து நாளில் தெரிந்துகொண்டவை.

லுசேர்ன் எங்கே இருக்கிறது? ஏரிக்கு ஏன் இரண்டு பெயர்?

சுவிட்சர்லாந்தின் நடுப்பகுதியில், ஜெர்மன் பேசும் பக்கத்தில் இருக்கிறது. எண்பதாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் சின்ன நகரம். ஏரியிலிருந்து ரொய்ஸ் ஆறு வெளியேறும் இடத்தில், ஆற்றின் இரு கரையிலும் ஊர் அமைந்திருக்கிறது. வெளிநாட்டவர் 'லுசேர்ன் ஏரி' என்பதை உள்ளூரில் 'ஃபியர்வால்ட்ஷ்டெட்டர்சே' என்கிறார்கள். நான்கு வன மாநிலங்களின் ஏரி என்று பொருள். ஊரி, ஷ்வீட்ஸ், உன்டர்வால்டன், லுசேர்ன் என்ற நான்கும்தான் அவை. ரயில் நிலையப் பலகைகளிலும் கால அட்டவணையிலும் அந்த நீளமான பெயரைப் பார்த்தால் வேறு ஏரி என்று நினைத்துவிட வேண்டாம்.

ஏரியின் பரப்பு சுமார் 114 சதுர கிலோமீட்டர், அதிகபட்ச ஆழம் 214 மீட்டர். வட்டமான ஏரி அல்ல. கைகளை நீட்டினாற்போல் மலைகளுக்கு இடையே பல பக்கமும் புகுந்து போகிறது. அதனால் ஊரில் நின்று பார்த்தால் ஏரியின் ஒரு மூலை மட்டுமே தெரியும். மீதியைப் பார்க்கக் கப்பல் ஏறத்தான் வேண்டும்.

எத்தனை நாள் ஒதுக்கலாம்?

குறைந்தது மூன்று இரவு. ஒரு நாள் ஊருக்கு, ஒரு நாள் ஏரிக்கு, ஒரு நாள் மலைக்கு. நான்காவது நாளும் இருந்தால் அதை மேகத்துக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். மலை எந்த நாளில் மூடிக்கொள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு நாள் உபரியாக இருந்தால்தான் "இன்று வேண்டாம், நாளை ஏறுவோம்" என்று நிம்மதியாகச் சொல்லலாம்.

பேருந்துச் சுற்றுலாக்கள் இந்த ஊரைச் சிங்கச் சிலை, மரப்பாலம், கடிகாரக் கடை என்று சுருக்கி அரை நாளில் முடித்துவிடுகின்றன. உங்களுக்கும் அவ்வளவு நேரம்தான் கிடைக்கிறது என்றால், கடையில் நுழையாமல் நேராகப் படகுத்துறைக்குப் போய் ஒரு மணி நேரக் கப்பலில் ஏறிவிடுங்கள் என்பதே என் ஆலோசனை.

சூரிச் விமான நிலையத்திலிருந்து எப்படிப் போவது?

விமான நிலையத்தின் அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து நேரடி ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூட ஆகும். சூரிச் மத்திய நிலையத்திலிருந்து வந்தால் சுமார் முக்கால் மணி நேரம். மிலானிலிருந்து வருபவர்கள் 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்ஹார்ட் அடித்தளச் சுரங்கத்தின் வழியாக வருவார்கள்.

லுசேர்ன் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே தனியாக ஒரு பெரிய கல்வளைவு நிற்கும். 1971-இல் தீப்பிடித்து அழிந்த பழைய ரயில் நிலையத்தின் வாசல் அது. அதைத் தாண்டிச் சாலையைக் கடந்தால் படகுத்துறை. ரயில், பேருந்து, கப்பல் மூன்றும் இரண்டு நிமிட நடையில் சந்திக்கும் அமைப்பு இந்த ஊரின் பெரிய வசதி. நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கினால் டாக்சிக்கு வேலையே இருக்காது.

சாப்பல் பாலத்தில் அப்படி என்ன விசேஷம்?

படங்களில் நீங்கள் பார்த்திருக்கும் அந்த மரப்பாலம்தான். பக்கத்திலிருக்கும் புனித பேதுரு சிற்றாலயத்தை வைத்து வந்த பெயர். 14-ஆம் நூற்றாண்டில் கட்டியது. கூரை போட்ட மரப்பாலங்களில் ஐரோப்பாவிலேயே பழமையானது என்று சொல்லப்படுகிறது. ஆற்றைக் கடக்க மட்டும் கட்டியதல்ல, ஏரிப் பக்கமிருந்து எதிரிகள் வராமல் தடுக்கும் அரணாகவும் இருந்தது. ஆற்றின் குறுக்கே நேராகப் போகாமல் சாய்வாக, நடுவில் வளைந்து போகும். இன்றைய நீளம் 200 மீட்டருக்குச் சற்று மேல். பாலத்தை ஒட்டித் தண்ணீரில் நிற்கும் எண்கோணக் கோபுரம் பாலத்தைவிடவும் மூத்தது. சிறையாகவும் வதைக்கூடமாகவும் கருவூலமாகவும் ஆவணக் காப்பகமாகவும் அது இருந்திருக்கிறது.

உள்ளே நடக்கும்போது அண்ணாந்து பாருங்கள். கூரைச் சட்டங்களுக்கு நடுவே முக்கோணப் பலகைகளில் ஓவியங்கள் இருக்கும். 17-ஆம் நூற்றாண்டில் வரைந்தவை. ஊரின் வரலாறும், அந்த ஊர் வணங்கிய புனிதர்களின் கதைகளும் அவற்றில் இருக்கின்றன. நடந்துகொண்டே இருந்தால் ஓரிடத்தில் ஓவியங்கள் நின்றுபோய் வெற்று முக்கோணங்கள் வரும். 1993 ஆகஸ்ட் 17 இரவு தொடங்கிய தீயில் பாலத்தின் பெரும்பகுதியும் ஓவியங்களில் பெரும்பாலானவையும் எரிந்துபோயின. கோபுரம் தப்பியது. எட்டே மாதத்தில், 1994 ஏப்ரலில், பாலத்தைத் திரும்பக் கட்டித் திறந்துவிட்டார்கள். ஆனால் எரிந்த ஓவியங்களுக்குப் பதில் எல்லா இடத்திலும் புதிது வரைந்து நிரப்பிவிடவில்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. பழைய மரம் கறுத்தும் புதிய மரம் வெளிறியும் இருக்கும் இடத்தைக் கையால் தொட்டுப் பார்க்கலாம்.

காலை எட்டு மணிக்கு முன்னால் போங்கள். வேலைக்குப் போகிறவர்களின் காலடிச் சத்தம் மட்டும் மரத்தில் கேட்கும். பத்து மணி ஆனால் கொடி பிடித்த வழிகாட்டிகள் வந்துவிடுவார்கள்.

இன்னொரு மரப்பாலமும் இருக்கிறதாமே?

ஆமாம், ஆற்றோடு கீழே பத்து நிமிடம் நடந்தால் ஷ்ப்ரொயர் பாலம் வரும். 'ஷ்ப்ரொய்' என்றால் உமி. அந்தக் காலத்தில் ஆலைக்காரர்கள் உமியை ஆற்றில் கொட்ட அனுமதி இருந்தது இங்கே மட்டும்தான். அன்று ஊரின் கடைசிப் பாலம் இது என்பதால் இங்கே கொட்டியது ஊருக்குள் மிதந்து வராது.

இதிலும் கூரையடியில் ஓவியங்கள் உண்டு. ஆனால் பொருள் ஒன்றே ஒன்று: மரணம். காஸ்பர் மெக்லிங்கர் என்ற ஓவியர் 1626-க்கும் 1635-க்கும் இடையில் தன் உதவியாளர்களோடு வரைந்தது. அரசன், ஆயர், மணப்பெண், வியாபாரி என்று ஒவ்வொருவர் பக்கத்திலும் ஓர் எலும்புக்கூடு வந்து நிற்கிறது. 'காதற்ற ஊசியும் வாராது காணும் கடைவழிக்கே' என்று படித்து வளர்ந்த நமக்கு விளக்கமே தேவைப்படாது. கூட்டமும் குறைவு. இரண்டு பாலங்களில் ஒன்றில்தான் நிதானமாக நிற்க நேரம் இருக்கிறது என்றால் நான் இதில்தான் நிற்பேன்.

பாலத்துக்குச் சற்று மேலே ஆற்றின் குறுக்கே மரக்கட்டைகளை வரிசையாகச் செருகிய ஓர் அணை தெரியும். 1859-60-இல் அமைத்தது. கட்டைகளைச் செருகியும் உருவியும் ஏரியின் நீர்மட்டத்தைச் சரி செய்கிறார்கள். மதகு பார்த்து வளர்ந்தவர்கள் அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிடுவார்கள். அப்பா இருபது நிமிடம் நின்றார்.

சிங்கச் சிலைக்குப் பின்னால் என்ன கதை?

1792 ஆகஸ்ட் 10 அன்று, பிரெஞ்சுப் புரட்சியின்போது, பாரிஸில் மன்னர் தங்கியிருந்த துய்லரி அரண்மனையை மக்கள் தாக்கினார்கள். காவலுக்கு நின்றவர்கள் கூலிக்குப் படைவேலை பார்த்த சுவிஸ் வீரர்கள். நூற்றுக்கணக்கானோர் அன்றே கொல்லப்பட்டார்கள். பிழைத்தவர்களிலும் பலர் பிறகு சிறையில் இறந்தார்கள். அந்தப் படையைச் சேர்ந்த ஓர் அதிகாரி அப்போது விடுப்பில் லுசேர்னுக்கு வந்திருந்தார். தோழர்களில் பெரும்பாலோர் போக, தான் மிஞ்சிய அவர்தான் பின்னாளில் இந்த நினைவுச்சின்னத்துக்கு முயற்சி எடுத்தவர். டென்மார்க் சிற்பி தோர்வால்ட்சன் வடிவம் கொடுக்க, லூக்காஸ் ஆஹோர்ன் என்பவர் பழைய கல்குவாரியின் பாறைச் சுவரிலேயே செதுக்கி 1821-இல் முடித்தார்.

நீளம் சுமார் பத்து மீட்டர். விலாவில் முறிந்த ஈட்டி. முன்னங்காலுக்கு அடியில் பிரெஞ்சு அரசரின் லில்லிப்பூக் கேடயம், தலைமாட்டில் சுவிஸ் சிலுவைக் கேடயம். முகத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். செதுக்கிய காலத்திலேயே, ஓர் அயல்நாட்டு மன்னனுக்காகச் செத்தவர்களுக்கு நினைவுச்சின்னம் எதற்கு என்று ஊரில் எதிர்ப்பு இருந்தது. மலைநாட்டின் வறுமையில் வேறு பிழைப்பு இல்லாமல் இளைஞர்கள் பல நூற்றாண்டு வெளிநாட்டுப் படைகளுக்குப் போன கதை அதன் பின்னால் இருக்கிறது. இன்று உலகத்திலேயே பணக்கார நாடுகளில் ஒன்று இது என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் அந்தச் சிங்கம் வேறு மாதிரி தெரியும். பார்க்கக் கட்டணம் இல்லை.

சிங்கத்துக்குப் பக்கத்தில் வேறென்ன பார்க்கலாம்?

ஒட்டினாற்போல் பனியாற்றுப் பூங்கா. 1872-இல் ஒருவர் ஒயின் நிலவறைக்காகத் தோண்டும்போது பாறையில் பெரிய பெரிய குழிகள் வெளிப்பட்டன. பனியுகத்தில் பனியாற்றின் அடியில் பாய்ந்த நீர் குடைந்தவை. பெரியது ஒன்பது மீட்டருக்கு மேல் ஆழம். அதே பாறையில் பனை ஓலையின் புதைபடிவமும் கிடைத்திருக்கிறது. இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த இடம் வெப்பமான கடற்கரையாக இருந்தது.

அருகிலேயே பூர்பாக்கி பனோரமா. 1881-இல் வரைந்த வட்ட ஓவியம், நீளம் நூறு மீட்டருக்கு மேல். 1871 குளிர்காலத்தில், பிரஷ்யாவுடன் நடந்த போரில் தோற்றுப்போன தளபதி பூர்பாக்கியின் பிரெஞ்சுப் படையைச் சேர்ந்த சுமார் 87,000 பேர் ஆயுதங்களைக் கீழே போட்டுவிட்டுச் சுவிஸ் எல்லைக்குள் அடைக்கலம் புகுந்த காட்சி. வரைந்த எதுவார்ட் காஸ்த்ர் அந்தப் போரில் செஞ்சிலுவைச் சங்கத் தொண்டராக இருந்தவர். குளிரில் விறைத்த கால்களையும், ரொட்டி கொண்டுவந்து கொடுக்கும் கிராமத்துப் பெண்களையும் அவர் நேரில் பார்த்துதான் வரைந்திருக்கிறார். போரால் நாடுவிட்டு நாடு போனவர்கள் நம்மில் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். அந்த அறையின் நடுவில் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

கோட்டை மதிலில் ஏறலாமா?

ஏறலாம், இலவசம். மூசெக் மதில் சுமார் 870 மீட்டர் நீளம், ஒன்பது கோபுரங்கள். சிலவற்றை மட்டும் கோடைப் பருவத்தில் திறந்துவைப்பார்கள், குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். ஸிட் கோபுரத்தில் 1535-ஆம் ஆண்டுக் கடிகாரம் இருக்கிறது. ஊரின் மற்றக் கடிகாரங்களுக்கு ஒரு நிமிடம் முன்பாக மணி அடிக்கும் உரிமை அதற்கு உண்டு. ஏரியில் இருக்கும் மீனவர்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் அதன் முகத்தை அவ்வளவு பெரிதாக வைத்தார்கள். படிகள் செங்குத்தானவை. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே புல்வெளியில் நின்றே பார்க்கலாம்.

ஏரியில் எந்தக் கப்பலில் போவது? எவ்வளவு தூரம்?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும் என்பேன். பாதிப் பேர் கேட்பதே இல்லை.

இங்கே கப்பல் என்பது சும்மா ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டும் படகு அல்ல. ஊர் ஊராக நின்று ஆளை ஏற்றி இறக்கும் பொதுப் போக்குவரத்து. சுவிஸ் டிராவல் பாஸ் இருந்தால் தனியாக டிக்கெட் வேண்டாம். ஐந்து பழைய நீராவிக் கப்பல்கள் இன்னும் ஓடுகின்றன: ஊரி (1901), உன்டர்வால்டன் (1902), ஷில்லர் (1906), காலியா (1913), ஷ்டாட் லுசேர்ன் (1928). இரு பக்கமும் துடுப்புச் சக்கரம் சுழலும். நடுத்தளத்தில் எந்திரக் கூடத்தை மேலிருந்தே பார்க்கலாம். எண்ணெய் பூசிப் பளபளக்கும் தண்டுகள் மேலும் கீழும் போய்வருவதை நடைபாதையில் நின்று பார்க்க முடியும். கோடைக்காலத்தில் அட்டவணையைப் பார்த்து நீராவிக் கப்பல் வரும் நேரமாகத் தேர்ந்தெடுங்கள். மற்ற நேரத்தில் மோட்டார் கப்பல் வரும், அதிலும் குறையில்லை.

முழுத் தூரமும் போனால், அதாவது லுசேர்னிலிருந்து தெற்குக் கோடியிலுள்ள ஃப்ளூயலென் வரை, சுமார் மூன்று மணி நேரம். பெரும்பாலோர் பாதியிலேயே, வெக்கிஸிலோ விட்ஸ்நாவிலோ இறங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து இறங்காதீர்கள். விட்ஸ்நாவ் தாண்டியதும் இரண்டு மலைமூக்குகள் நெருங்கி வந்து ஏரி இடுங்கும். அப்புறம் ப்ரூன்னன் என்ற ஊரில் கப்பல் தெற்கே திரும்பும். திரும்பிய நொடியில் ஏரியே மாறிவிடும். பச்சைக் கரைகள் மறைந்து, இரு பக்கமும் பாறை நேராகத் தண்ணீருக்குள் இறங்கும். அது ஊரி ஏரி எனப்படும் பகுதி.

அங்கே வலது பக்கம் தண்ணீரிலிருந்து எழும் தூண் போன்ற பாறையில் பொன்னெழுத்து தெரியும். சுவிஸ் மக்களின் கதைநாயகன் வில்லியம் டெல்லின் கதையை நாடகமாக்கிய கவிஞர் ஷில்லருக்கு 1859-இல் செய்த மரியாதை. அடுத்த நிறுத்தம் ரூட்லி. 1291-இல் மூன்று மாநிலத்தார் கூடிச் சத்தியம் செய்து நாட்டைத் தொடங்கினார்கள் என்று மரபு சொல்லும் புல்வெளி. உண்மையில் வெறும் புல்தான், ஒரு கொடிமரம், பசுக்கள். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே ஹோட்டல் வரப்போகிறது என்றபோது நாடெங்கும் பணம் திரட்டி, பள்ளிக் குழந்தைகளும் காசு கொடுத்து, அந்த இடத்தை வாங்கி நாட்டுக்குக் கொடுத்தார்கள். 1940 ஜூலையில், சுற்றிலும் ஹிட்லரின் அணி சூழ்ந்திருந்தபோது, சுவிஸ் படைத் தளபதி கீசான் தன் மூத்த அதிகாரிகளை இங்கே கூட்டிப் பேசினார். அவர்களை ஏற்றி வந்தது அதே ஷ்டாட் லுசேர்ன் கப்பல்.

இன்னும் போனால் டெல் சிற்றாலயம். புயலில் சிக்கிய படகிலிருந்து டெல் கரைக்குக் குதித்த இடம் என்பது கதை. ஆய்வாளர்கள் டெல் என்று ஒருவர் இருந்ததற்குச் சான்று இல்லை என்பார்கள். ஆனால் தெற்கிலிருந்து ஃபோன் என்ற வெதுவெதுப்பான காற்று இறங்கும் நாளில் அந்தத் தண்ணீர் எழும்புவதைப் பார்த்தால் கதை எங்கிருந்து வந்தது என்று புரியும். ஃப்ளூயலெனில் இறங்கி ரயிலில் சுமார் ஒரு மணி நேரத்தில் லுசேர்ன் திரும்பிவிடலாம்.

ரிகி, பிலாட்டுஸ், டிட்லிஸ்: எந்த மலைக்குப் போவது?

மூன்றும் வேறு வேறு அனுபவம்.

பனி மட்டும்தான் பார்க்க வேண்டும் என்றால் டிட்லிஸ். மேல் நிலையம் 3,000 மீட்டருக்குச் சற்று மேல். எங்கல்பெர்க் வரை ரயில், பிறகு கேபிள் கார், கடைசிக் கட்டத்தில் தானே சுழலும் கூண்டு. கோடையிலும் பனி இருக்கும், ஆனால் பனியாறு வருஷா வருஷம் சுருங்குகிறது. உருகாமலிருக்கக் கோடையில் சில இடங்களில் வெள்ளைத் துணி போர்த்தி வைக்கிறார்கள். இதயம், மூச்சு சம்பந்தமான பிரச்சினை உள்ளவர்கள் அந்த உயரத்துக்குப் போகும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிலாட்டுஸ் ஊருக்கு நேர்மேலே நிற்பது, 2,100 மீட்டருக்கு மேல். இயேசுவுக்குத் தண்டனை விதித்த பிலாத்துவின் ஆவி மலைமேல் இருந்த குட்டையில் அடங்கிக் கிடக்கிறது, சீண்டினால் புயல் வரும் என்று நம்பி, மேலே ஏறவே ஊர்ச்சபை தடை போட்டிருந்தது. 1387-இல் தடையை மீறிய ஆறு பாதிரியார்களைச் சிறையில் போட்டார்கள். இன்று ஆல்ப்நாக்ஸ்டாட் வரை கப்பலில் போய், அங்கிருந்து பல்சக்கர ரயிலில் ஏறி, மறுபக்கம் கேபிள் காரில் க்ரீன்ஸுக்கு இறங்கி, ஒன்றாம் எண் பேருந்தில் ஊர் திரும்பலாம். 1889-இல் திறந்த இந்தப் பாதையின் சரிவு சில இடங்களில் 48 சதவீதம், உலகிலேயே செங்குத்தான பல்சக்கர ரயில்பாதை. சாதாரணமாகச் சக்கரத்தின் பல் மேலிருந்து பல்தண்டவாளத்தில் பதியும். இவ்வளவு சரிவில் அது மேலெழும்பித் தவறிவிடும் என்று, எட்வர்ட் லோஹர் என்ற பொறியாளர் இரு பக்கமும் படுக்கைவாட்டில் சக்கரம் வைத்துப் பல்தண்டவாளத்தை இடுக்கிபோல் பிடிக்கச் செய்தார். குளிர்காலத்தில் ரயில் ஓடாது, கேபிள் கார் மட்டும்தான்.

ரிகி 1,800 மீட்டருக்கு ஒரு விரற்கடை குறைவு. உயரத்தில் மூன்றிலும் சிறியது, எனக்கு மூன்றிலும் பிடித்தது. ஐரோப்பாவின் முதல் மலைரயில் 1871-இல் விட்ஸ்நாவிலிருந்து இங்கேதான் ஏறியது. அமைத்தவர் நிக்லவுஸ் ரிக்கன்பாக். அதே ரிக்கன்பாக் 1882-இல் குன்னூருக்கு வந்து, நீலகிரியில் ஏறும் பாதைக்குத் திட்டம் தீட்டிக் கொடுத்தார். அங்கே முதலில் தொடங்கிய நிறுவனத்தின் பெயரிலேயே 'ரிகி' இருந்தது. கடைசியில் நம் பாதையில் வந்தது இன்னொரு சுவிஸ்காரரான ஆப்ட்டின் பல்சக்கர முறை. வின்டர்தூரில் செய்த எஞ்சின்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து நீராவி விட்டுக்கொண்டு ஏறின. அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரிகி ரயிலில் தண்டவாளத்தின் நடுவே பல்வரிசையைக் கண்டதும், "இது நம்ம கல்லாறு பாதைடா" என்றார்.

ரிகி உச்சியில் இறங்கி, கால்ட்பாட் வரை இறக்கமாக மெதுவாக நடங்கள். ஏரி இரண்டு பக்கமும் தெரியும். கால்ட்பாடிலிருந்து கேபிள் காரில் வெக்கிஸ், அங்கிருந்து கப்பலில் ஊர்.

எந்த மலையானாலும் காலையில் உச்சியின் நேரடிக் கேமராவைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஊரில் வெயில் அடித்தாலும் மேலே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். இலையுதிர் காலத்தில் நேர்மாறாக, ஊர் மூடுபனியில் கிடக்க உச்சி வெயிலில் மின்னும்.

எந்த பாஸ் வாங்குவது?

நாடு முழுக்கச் சுற்றுகிறவர்களுக்குச் சுவிஸ் டிராவல் பாஸ். ரயில், பேருந்து, ஏரிக் கப்பல் எல்லாம் அடங்கும். ரிகிக்கு முழுவதும் செல்லும், பிலாட்டுஸுக்கும் டிட்லிஸுக்கும் பாதிக் கட்டணம். லுசேர்னிலேயே தங்கிச் சுற்றுவட்டாரம் மட்டும் பார்க்கிறவர்கள் டெல் பாஸ் கணக்குப் போட்டுப் பாருங்கள். மத்திய சுவிட்சர்லாந்துக்கு மட்டுமானது, ஆனால் மூன்று மலையும் கப்பலும் அதில் அடங்கும். ஹோட்டலில் தங்குபவர்களுக்கு விருந்தினர் அட்டை தருவார்கள். அதை வைத்து நகரப் பேருந்தில் இலவசமாகப் போகலாம். கொடுக்க மறந்தால் கேட்டு வாங்குங்கள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? சைவம் கிடைக்குமா?

கிடைக்கும். ரோஸ்டி என்பது துருவிய உருளைக்கிழங்கை வறுத்து அடையாகச் செய்வது. ஆல்ப்லர் மாக்ரோனென் என்பது மக்ரோனி, உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி, வறுத்த வெங்காயம் சேர்ந்தது. தொட்டுக்கொள்ள ஆப்பிள் கூழ் தருவார்கள். விசித்திரமாகத் தோன்றும், ஆனால் நன்றாகச் சேரும். இரண்டிலும் பன்றிக்கறித் துண்டு போடுவது சகஜம், ஆர்டர் செய்யும்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சில பாலாடைக்கட்டிகளில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி சேர்கிறது. கண்டிப்பான சைவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். அசைவர்களுக்கு ஊரின் சொந்தப் பதார்த்தம் ஹ்யூகெலிபஸ்தெதே, மாவுக்கூட்டுக்குள் இறைச்சி உருண்டையும் வெள்ளைக் குழம்பும். ஏரி மீனும் உண்டு.

உணவகச் செலவு நம் கணக்கில் மலைப்பாகத்தான் இருக்கும். நாங்கள் காலையும் மதியமும் மீக்ரோ, கோப் பல்பொருள் அங்காடிகளில் ரொட்டி, தயிர், பழம், சாலட் வாங்கி ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம். தெருக் குழாய்நீரூற்றுகளில் வருவது குடிநீர்தான், கூடாது என்று பலகை வைத்திருந்தால் தவிர. சமையலறை உள்ள தங்குமிடம் எடுத்தால் இன்னும் நல்லது. எண்பதுகளிலிருந்து இலங்கையிலிருந்து வந்து குடியேறிய தமிழர்கள் இந்த நாட்டில் பல்லாயிரம் பேர். பெரிய ஊர்களில் அவர்கள் நடத்தும் கடைகளில் கறிவேப்பிலை, முருங்கைக்காய், அரிசிமா வரை கிடைக்கும்.

மழை பெய்தால்?

போக்குவரத்து அருங்காட்சியகம். 1959-இல் திறந்தது, நாட்டிலேயே அதிகம் பேர் பார்க்கும் அருங்காட்சியகம். பழைய ரயில் எஞ்சின்கள், மலைரயில்கள், முற்றத்தில் ஒரு முழு ஜெட் விமானம், கோளரங்கம். குழந்தைகளோடு போனால் ஒரு நாளே போய்விடும், அதனால் காலையிலேயே போங்கள். ஓவியத்தில் ஆர்வம் இருந்தால் நிலையத்துக்குப் பக்கத்தில் ரோசன்கார்ட் தொகுப்பு. பிக்காசோவும் பால் க்ளேயும் நிறைய. அதைப் பொதுமக்களுக்குக் கொடுத்த ஆஞ்சலா ரோசன்கார்டையே பிக்காசோ ஐந்து முறை வரைந்திருக்கிறார்.

ஏரியில் குளிக்கலாமா?

ஜூலை, ஆகஸ்டில் தாராளமாக. ஊஃப்ஷோட்டி என்ற கரையில் புல்வெளியும் மணலும் உண்டு, இலவசம். கட்டணக் கரை வேண்டுமென்றால் லீடோ. ரொய்ஸ் ஆற்றில் மட்டும் இறங்காதீர்கள், பார்க்க அமைதியாக இருந்தாலும் இழுப்பு அதிகம்.

எந்த மாதம் போவது நல்லது?

ஜூன் முதல் செப்டம்பர் வரை கப்பல், ரயில், மதில் எல்லாம் திறந்திருக்கும். செப்டம்பர் எனக்குப் பிடித்தது, கூட்டம் வடிந்திருக்கும். கோடையில் லுசேர்ன் இசை விழா நடக்கும். 1938-இல் தொடங்கியது. ஆஸ்திரியாவை நாஜிகள் பிடித்துக்கொண்டதால் அங்குள்ள சால்ஸ்பர்க் இசை விழாவுக்குப் போக மறுத்த இத்தாலிய இசைக்குழு நடத்துநர் தோஸ்கனீனி, இங்கே ட்ரிப்ஷன் என்ற ஏரிக்கரை வீட்டின் முன் இசைக்குழுவை நடத்தினார். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் ஆறு ஆண்டு வாழ்ந்த வீடு அது. மனைவியின் பிறந்தநாளுக்கென்று எழுதிய இசையை 1870 கிறிஸ்துமஸ் காலையில் மாடிப்படியில் கலைஞர்களை நிறுத்தி வாசிக்கச் சொல்லி, அவரைத் துயிலெழுப்பினார். இப்போது அருங்காட்சியகம். உள்ளே போகாவிட்டாலும் அந்தப் புல்சரிவுக்கு நடந்து போய் வாருங்கள்.

குளிர்காலத்தில் போனால், தவக்காலத்துக்கு முந்தின வியாழன் விடியற்காலை ஐந்து மணிக்கு வெடிச்சத்தத்தோடு தொடங்கும் ஃபாஸ்னாக்ட் திருவிழா. முகமூடி போட்ட பித்தளை வாத்தியக் குழுக்கள் தெருத்தெருவாகச் சுற்றும். அந்த நாட்களில் தூக்கத்தை எதிர்பார்க்காதீர்கள்.

பெரியவர்களை அழைத்துப் போகிறோம். கவனிக்க வேண்டியது என்ன?

ஏரிக்கரைப் பாதை சமதளம், பத்தடிக்கொரு பெஞ்ச். கப்பல் அவர்களுக்கு மிகவும் தோதானது, உட்கார்ந்தபடியே எல்லாம் தெரியும். ஒரு நாளைக்கு ஒரு மலை, அதற்கு மேல் வேண்டாம். கோடையிலும் ஒரு சால்வையும் குல்லாவும் பையில் இருக்கட்டும், கப்பலின் மேல்தளத்தில் காற்று அடிக்கும். அம்மா முதல் நாள் கொண்டுவராமல் என் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனாலும் கீழே இறங்க மாட்டேன் என்றுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்குமா?

ஊரில் பெரும்பாலானவை மூடியிருக்கும். ரயில் நிலையத்தின் கீழ்த்தளக் கடைகள் திறந்திருக்கும். ஞாயிறை மலைக்கோ கப்பலுக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் நாள் விமானம் மாலையில்தான். காலையில் என்ன செய்வது?

பெட்டிகளை நிலையத்தின் லாக்கரில் வைத்துவிடுங்கள். செவ்வாய், சனி என்றால் ஆற்றின் இரு கரையிலும் காலைச் சந்தை கூடும். செர்ரி, பாலாடைக்கட்டி, பூ எல்லாம் விவசாயிகளே கொண்டுவருவார்கள். மற்ற நாளானால் அடுத்துப் புறப்படும் கப்பலில் ஏறி ஒரு நிறுத்தமோ இரண்டு நிறுத்தமோ போய், எதிரே வரும் கப்பலில் திரும்புங்கள். ரயிலுக்கு இருபது நிமிடம் இருந்தாலும் போதும், படகுத்துறையிலிருந்து நடைமேடை எதிரேதான்.